பதிவான பத்திரமும் உறுதியான உரிமையும்

வீடு வாங்கும் பேச்சு எழுந்ததும் நம் குடும்பங்களில் முதலில் கேட்கப்படும் கேள்வி, “எப்போது ரிஜிஸ்ட்ரேஷன்?” என்பதுதான். சார்பதிவாளர் அலுவலகத்தில் விரல் ரேகை வைத்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு, பத்திரம் கைக்கு வந்துவிட்டால் சொத்து நம்முடையதாகிவிட்டது என்ற நம்பிக்கை அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் தாங்கள் வாங்கப்போகும் வீட்டின் ஆவண நகல்களை என்னிடம் கொடுத்து ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வது சில ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டதால், அந்த நம்பிக்கை எங்கெல்லாம் சறுக்கும் என்பதை அடிக்கடி காண நேர்கிறது. நான் வழக்கறிஞர் இல்லை. இறுதிக் கருத்தைச் சொத்து வழக்குகளில் பழகிய ஒரு வழக்கறிஞரிடமே பெறும்படி எல்லாரிடமும் சொல்கிறேன். ஆனால், அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கும், காகிதக் கட்டை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்புகிறவருக்கும் கிடைக்கும் பதில் ஒரே தரத்தில் இருப்பதில்லை.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணத்தைப் பதிவு செய்கிறதே தவிர, உரிமையைப் பதிவு செய்வதில்லை. இன்னார் இன்னாருக்கு இந்தச் சொத்தை விற்றதாக எழுதிக் கையெழுத்திட்டார் என்பதற்கு அரசு சாட்சி நிற்கிறது. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்பதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-அ என்றொரு விதி, முந்தைய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று அறிவித்தபோது, எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்று தெளிவாகச் சொன்னது. மாநிலச் சட்டமன்றம் அதன்பின் அந்த நிபந்தனையைச் சட்டத் திருத்தத்தின் வழியாகக் கொண்டுவர முனைந்தது. எது நிலைத்தாலும், மூலப் பத்திரம் இருக்கிறதா என்று ஓர் அலுவலர் பார்ப்பது ஒன்று, அதை எழுதிக்கொடுத்தவருக்கு உரிமை இருந்ததா என்று தீர்மானிப்பது வேறொன்று. இரண்டாவது வேலையை நம் நாட்டில் நீதிமன்றம்தான் செய்கிறது, அதுவும் வழக்கு வந்த பிறகு. வழக்கு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் வாங்குபவருடையது.

ஆகவே, விற்பவரின் பெயரில் உள்ள கடைசிப் பத்திரத்தை மட்டும் படித்து நிறைவடைந்துவிடக் கூடாது. அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது எனத் தாய்ப்பத்திரம் வரை குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கேனும் பின்னோக்கிச் சென்று, ஒவ்வொருவரும் எந்த வழியில் உரிமை பெற்றார் என்பதைத் தேதி வரிசையில் ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். கிரயத்தின்மேல் கிரயமாக வந்திருக்கும் சொத்தில் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. இடையில் ஒரு மரணமோ, பாகப்பிரிவினையோ, மைனரோ, பவர் பத்திரமோ வரும் இடத்தில்தான் நின்று நிதானமாகப் படிக்க வேண்டும்.

மரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்கியிருக்கிறது. தாம்பரத்தை அடுத்த ஒரு பகுதியில் தனி வீடு ஒன்றை வாங்க என் உறவினர் ஒருவர் விரும்பினார். நிலத்தை 1980களில் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அவருடைய இரண்டு மகன்களும் மனைவியும் சேர்ந்து விற்க முன்வந்தார்கள். திருமணமாகிப் போன ஒரு மகளைப் பற்றிக் கேட்டபோது, “தங்கச்சிக்கு அப்பவே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சுங்க, அது எதுவும் கேட்காது” என்றார் மூத்தவர். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தில் அனைவரும் அப்படித்தான் நம்பினார்கள், ஒருவேளை அந்தப் பெண்மணியும் அப்படியே நம்பியிருக்கலாம். சட்டம் அதை ஏற்பதில்லை. ஓர் இந்து ஆண் உயிலின்றி இறந்தால், அவருடைய தனிச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாய் ஆகிய அனைவருக்கும் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே சமபங்கு உண்டு.

பெண்களுக்குச் சொத்துரிமை 1989இல்தான் வந்தது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்குடையவராக்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாளுக்கு முன்பே திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. அந்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தந்தை தானே சம்பாதித்து வாங்கிய வீட்டைப் பொறுத்தவரை இந்தத் தேதிகள் எதுவும் தேவையில்லை. மகளின் பங்கு அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இன்னொருவரையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: இறந்தவரின் தாய். மகன் இறந்தபோது தாய் உயிரோடிருந்து, பிறகு அவரும் காலமாகியிருந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும். அப்படியானால் இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளும் கையெழுத்திட வேண்டியவர்களாகிவிடுகிறார்கள். வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழ்களையும் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமும், இசுலாமியக் குடும்பங்களுக்கு ஷரியத் முறையும் பொருந்துவதால், அங்கே பங்குக் கணக்கு வேறு.

என் உறவினர் அந்த மகளும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தை அவரிடமிருந்து சகோதரர்கள் முன்கூட்டியே பெற்றுப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அதனால் சில வாரங்கள் மனத்தாங்கல் நீடித்தது. இறுதியில் அந்தப் பெண்மணி தன் பங்குக்கு உரிய தொகையைக் கேட்டுப் பெற்றுக்கொண்டே கையெழுத்திட்டார். ‘எதுவும் கேட்காது’ என்று சொல்லப்படுகிறவர்களை நேரில் சந்தித்துக் கேட்பது நல்லது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாங்குபவரின் பாதுகாப்புக்கு மட்டுமில்லாமல் அவர்களுக்குச் சேர வேண்டியது சேர்வதற்கும் அது வழி செய்கிறது.

மைனரின் பங்கு விற்கப்பட்டிருந்தால், அதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி இருந்ததா என்று பார்க்க வேண்டும். இயற்கைக் காப்பாளரான தந்தையோ தாயோ அனுமதியின்றி விற்றிருந்தால், அந்த மைனர் பதினெட்டு வயதை அடைந்த பின் மூன்று ஆண்டுகளுக்குள் விற்பனையை ரத்து செய்யக் கோரலாம். பவர் பத்திரத்தின் வழியாக நடந்த விற்பனையில், அதிகாரம் கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடிருந்தாரா என்பதே முதல் கேள்வி. பொதுவாக அவர் இறந்த கணத்தில் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. பவர் பத்திரத்தையும் கிரய ஒப்பந்தத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, கிரயப் பத்திரம் இல்லாமலேயே ‘என் இடம்’ என்பவர்களிடம் வாங்கவே கூடாது. அப்படிப்பட்ட ஆவணங்களால் உரிமை மாறாது என்று 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

இ.சி. எனப்படும் வில்லங்கச் சான்றுக்கு வருவோம். இப்போது பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பெரும்பாலும் 1975ஆம் ஆண்டு முதல் எடுத்துப் பார்த்துவிடலாம் என்பதால், இ.சி. சுத்தமாக இருக்கிறது என்ற ஒற்றை வரியில் விற்பவர்களும் தரகர்களும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தச் சான்றில் வருவது, அந்தச் சொத்தின்மீது பதிவான ஆவணங்கள் மட்டுமே. உயில் வேறு புத்தகத்தில் பதிவாவதால் அது இதில் தெரியாது. நிலுவையிலுள்ள வழக்கும் பெரும்பாலும் தெரியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது வாங்கியவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் விற்பவரின் பெயரையும் அவருக்கு முந்தைய உரிமையாளரின் பெயரையும் போட்டுத் தேடிப் பார்ப்பது ஓரளவு உதவும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூலப் பத்திரங்களை ஒப்படைத்து வாங்கும் கடன். பத்திரத்தைக் கொடுத்துப் பணத்தை வாங்கினாலே அது அடமானமாகிவிடும். அதற்குத் தனி ஆவணம் எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. இந்த வகை அடமானம் செல்லும் ஊர்களாகச் சென்னை, மும்பை, கொல்கத்தா மூன்றையும் 1882ஆம் ஆண்டுச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறது. அரசு அறிவிக்கை செய்த மற்ற ஊர்களுக்கும் இது பொருந்தும். வங்கிகள் இப்போது இதற்கும் ஓர் ஆவணம் எழுதிப் பதிவு செய்துவிடுவதால் அது இ.சி.யில் தெரிந்துவிடும். தனியார் வட்டிக்காரரிடம் வைத்தது தெரியாது. ஜெராக்ஸ் நகலை வைத்துக்கொண்டு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான். மூலப் பத்திரம் தொலைந்துவிட்டதாகச் சொல்லிக் காவல் நிலையச் சான்றையும் நாளிதழ் விளம்பரத்தையும் காட்டுகிறவர் உண்மையைச் சொல்பவராகவும் இருக்கலாம். ஆயினும் அங்கே விசாரணையை இரட்டிப்பாக்க வேண்டும்.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஒரு சொத்தை உண்மையில் அனுபவித்துவருபவருக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அது வாங்குபவருக்குத் தெரிந்திருந்ததாகவே சட்டம் கருதும். வாடகைக்கு இருப்பவர் என்று விற்பவர் சொல்கிற மனிதர், தான் ஏற்கெனவே கிரய ஒப்பந்தம் போட்டுப் பாதிப் பணம் கொடுத்திருப்பதாகச் சொன்னால், ‘எனக்குத் தெரியாது’ என்ற பதில் நீதிமன்றத்தில் எடுபடாது.

பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது வரி வசூலுக்கும் நிலப் பதிவேட்டுக்கும் உரியதே தவிர, உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. இருந்தாலும் பட்டாவையும் நில அளவை வரைபடமான புலப்படத்தையும் கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டையும் பார்க்காமல் விட முடியாது, ஏனென்றால் பத்திரம் சொல்லாத ஒன்றை அவை சொல்கின்றன: அந்த நிலம் எந்த வகைப்பாட்டைச் சேர்ந்தது என்பதை. ஏரி, ஓடை, குளம், மேய்க்கால், கோயில் நிலம் என்று பதிவேட்டில் இருக்கும் இடத்துக்கு எத்தனை கிரயப் பத்திரங்கள் இருந்தாலும் பயனில்லை. கோயில் நிலத்தை அறநிலையத்துறையின் அனுமதியின்றி விற்றால் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி அது செல்லாது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்களை வேறு சமூகத்தினர் வாங்க முடியாது. அதை ‘மலிவாகக் கிடைக்கிறது’ என்று விற்க முன்வருபவரிடமிருந்து விலகிவிடுவதுதான் முறை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தென்புறத்தில் தண்ணீர் நின்ற பகுதிகள் பலவற்றின் பழைய நில வரைபடங்களைப் பார்த்தால், ஏரியும் ஏரிக்கு வரும் கால்வாயும் எங்கே இருந்தன என்பது புரியும். சட்டச் சிக்கல் இல்லாத இடமாகவே இருந்தாலும், மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு ஈடான ஆவணம் எதுவும் இல்லை.

நிலத்தை அளந்து பார்க்கும் வழக்கம் ஏனோ நம்மிடம் குறைந்துவிட்டது. பத்திரத்தில் ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி என்றிருக்கும்; சுவருக்குச் சுவர் அளந்தால் 2,310தான் வரும். அளவுக்கும் நான்கெல்லைக்கும் முரண்பாடு வந்தால் பொதுவாக எல்லையே மேலோங்கும் என்பதால், நிலஅளவையரை வைத்து அளந்த பிறகே விலை பேசி முடிக்க வேண்டும்.

மனை வாங்குகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதானால், பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் மனைப்பிரிவு அனுமதி ஆகாது, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககம் (டி.டி.சி.பி.) தந்த ஒப்புதல் எண் வேண்டும். 20.10.2016க்கு முன் உருவான அனுமதியற்ற மனைகளாக இருந்தால், 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்ட ஆணை இருக்க வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையே மனையாக்கி விற்பதும் நடப்பதால், ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் அந்த மனை எண் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

அடுக்குமாடி வீட்டில் நாம் வாங்குவது இரண்டு பொருள்கள்: சுவர்களுக்குள் இருக்கும் இடமும், கீழே உள்ள நிலத்தில் பிரிக்கப்படாத பங்கும். கட்டடம் ஆண்டுதோறும் தேய்கிறது. மதிப்பைத் தாங்கி நிற்பது அந்த நிலப் பங்கே. 2,400 சதுர அடி மனையில் ஒரே அளவில் நான்கு வீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 600 சதுர அடி பங்கு வர வேண்டும். 480 மட்டுமே எழுதப்பட்டிருந்தால் மீதி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்த பிறகு, பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் ஒப்புதல் போதும். அந்த நாள் வரும்போது பேரம் நிலப் பங்கை வைத்தே நடக்கும்.

2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 தொழிலாளர்கள் இறந்தார்கள். அருகிலிருந்த இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த வீடுகளுக்கு முன்பணம் கட்டியிருந்த குடும்பங்களை நினைத்தால், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, எவ்வளவு தாமதமாக வந்தது என்று தோன்றும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ அமையும் திட்டங்கள் அதன்கீழ்ப் பதிவாக வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கட்டுநர் வாங்கக் கூடாது. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். விலையைக் கார்ப்பெட் ஏரியா எனப்படும் உட்புறப் பரப்பின் அடிப்படையில் சொல்ல வேண்டும் என்பதும் சட்டம்தான். விளம்பரங்களில் இன்றும் பொதுப் பரப்பையும் சேர்த்த பெரிய எண்ணே தடித்த எழுத்தில் வருகிறது.

செலவுக் கணக்கில் பலர் வீட்டின் விலையோடு நின்றுவிடுகிறார்கள். இப்போதைய விகிதப்படி, தனி வீட்டுக்கோ மனைக்கோ முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு, 2023 டிசம்பர் முதல் நிலப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறையில், 50 இலட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 விழுக்காடு, அதற்கு மேல் 3 கோடி வரை 5 விழுக்காடு. ஆக, 55 இலட்ச ரூபாய் புதிய வீட்டுக்குத் தீர்வையும் கட்டணமும் சேர்ந்து 3,85,000 ரூபாய். பணிநிறைவுச் சான்று வாங்குவதற்கு முன் விற்கப்படும் வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, மேலும் 2,75,000. ரிசர்வ் வங்கியின் வரம்புப்படி 30 முதல் 75 இலட்சம் வரையிலான கடனுக்கு வங்கி வீட்டு மதிப்பில் 80 விழுக்காடு வரைதான் தரலாம், அதாவது இங்கே 44 இலட்சம். தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் அந்த மதிப்பில் சேர்ப்பதில்லை. கைப்பணமாக 17 இலட்சத்துக்கு மேல் வேண்டியிருக்கும் என்று தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டு, பிறகு நகையை அடகு வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விலை 50 இலட்சத்தை எட்டினால் ஒரு விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவரின் கடமை. விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடிக்க வேண்டிய விகிதமே வேறு, அது மிகவும் கூடுதல். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது வாங்கியவரிடம்தான். ஒரு பகுதியைக் கறுப்பில் கேட்பவரிடம் வாங்குவதைப் பற்றி என் கருத்து கடுமையானது. வரிச் சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், பத்திரத்தில் எழுதாத பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்கு இல்லை. கிரயம் முறிந்தால் அது போனதுதான்.

கிரய ஒப்பந்தத்தைத் தமிழ்நாட்டில் பதிவு செய்வது 2012 டிசம்பர் முதல் கட்டாயம். கெடு தேதி, எந்தெந்த மூல ஆவணங்கள் எப்போது தரப்படும், உரிமையில் குறை தெரியவந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் ஆகியவற்றை அதில் எழுத வேண்டும். வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டாரே என்று சொந்த வழக்கறிஞரைத் தவிர்ப்பதை நான் ஏற்பதில்லை. அவர் பார்ப்பது வங்கியின் பணம் திரும்புமா என்பதை. வீட்டை மட்டுமல்லாமல் கடன் வாங்கியவரின் சம்பளத்தையும் நம்பித்தான் வங்கி பணம் தருகிறது.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் ஆகியவற்றைத் தள்ளிப்போடாமல் முடிக்க வேண்டும். உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் நிலஅளவையர் வந்து அளந்த பிறகே பட்டா மாறும் என்பதால் அதற்கு நாளாகும். வீட்டை வாடகைக்கு விடுவதானால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாத முன்பணம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது கசப்பாகத்தான் இருக்கிறது.

கடன் கட்டி முடித்த பின் செய்ய வேண்டியவற்றைப் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முழுத் தொகையும் கட்டிய முப்பது நாளுக்குள் மூலப் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் உத்தரவிட்டு, அந்த ஆண்டு டிசம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கடன் வாங்கியபோது கொடுத்த ஆவணப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்து வாங்க வேண்டும். தாய்ப்பத்திரத்தின் ஒரு பக்கம் குறைந்தாலும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். அடமான ஆவணம் பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீதையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அடைத்து முடித்த கடன் இ.சி.யில் அப்படியே நிற்கும். வீட்டை விற்க ஆள் வந்த நாளில், இதற்கிடையில் வேறொரு வங்கியோடு இணைந்து பெயரே மாறிவிட்ட பழைய கிளையைத் தேடிக்கொண்டு போய் அந்த ரசீதை வாங்க வேண்டியிருக்கும்.